இரவல் காற்று

ஜனவரி 9

மதிப்பிற்குரிய பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்தால்தான் நீ கடைசி வரை படிப்பாய். ‘அன்புள்ள அக்கா’ என்று எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. எனக்கும் வேலை இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

என் சுரங்கத்தின் தெற்குக் கீழ்ப்பகுதி ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்ட வைத்தது உங்கள் ஆய்வகம். காற்று போதவில்லை, கூரையை ஒட்டி மீத்தேன் நிற்கிறது என்று ஒரு தாளை நீட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் விசாரிக்கிறார்கள். ஏப்ரலுக்குள் அந்தப் பகுதி திறக்கவில்லை என்றால் மேலாளர் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார். இதைச் சுற்றி வளைத்தெல்லாம் சொல்லவில்லை, நேராகவே சொல்லிவிட்டார்கள்.

நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மேலே இருக்கும் பெரிய விசிறியைப் பிரித்துப் பழுது பார்த்தோம். காற்று வரும் வழியில் இடிந்து கிடந்த கல்லையெல்லாம் அள்ளினோம். காற்றைத் திருப்பிவிடப் புதுத் திரைகள் கட்டினோம். இனி நீங்கள் வந்து அளந்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு சான்று கொடுத்தால் போதும். யாரை அனுப்பட்டும் என்று உங்கள் இயக்குநர் கேட்டார். உன்னைத்தான் கேட்டேன். “சொந்த அக்காவையா கேக்கறீங்க?” என்று சிரித்தார். “அவங்கதான் சார் எனக்கு ஒரு சலுகையும் காட்டமாட்டாங்க” என்றேன். மனிதர் உருகிப் போய்விட்டார்.

மேலாளரான அன்று வைத்த விருந்தில் நான் சொன்னதை நீ இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருப்பதாக உன் தம்பி பெண்டாட்டி சொல்கிறாள். அப்படி என்ன சொல்லிவிட்டேன்? “எங்க அக்கா காத்தை அளந்து சம்பளம் வாங்கறவங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நீதான் எழுந்து போய்க் கை கழுவினாய், இலையில் கை வைப்பதற்கு முன்னாலேயே.

மாடி அறையைப் பெருக்கி, மெத்தைக்குப் புது உறை போட்டு வைத்திருக்கிறாள். வந்து இரு. அளப்பது அரை நாள் வேலை. மிச்ச நேரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் இரண்டில் பதில் சொல்லும்படி எதுவும் இல்லை.

உன் சுரங்கத்தை நான் ஆய்வு செய்வது முறையாகாது என்று இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்த வேகத்தைப் பார்த்தால் முதல் வரியைத் தாண்டியிருக்க மாட்டார். “தம்பியே வேணும்னு கேக்கறார், உங்களுக்கு என்னம்மா கூச்சம்?” என்றார். எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. நீ என்னைக் கேட்டு வாங்கியது எதற்கு என்று தெரியும், அதுதான் சங்கடம். அக்கா கடுமையானவள் என்று ஊரில் பெயர். அந்தக் கடுமையானவளே கையெழுத்துப் போட்டாள் என்றால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். என் இருபத்தைந்து வருடத்து நல்ல பெயரை உன் வாசலில் தோரணமாகக் கட்டப் பார்க்கிறாய்.

வருகிறேன். மாடி அறை வேண்டாம். விருந்தினர் விடுதியில் இடம் சொல்லியாகிவிட்டது. உன் மனைவியிடம் நன்றி சொல். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, இரக்கம்தான்.

ஒரு நிபந்தனை. சுரங்கம் சாதாரண நாளில் எப்படி இருக்குமோ, நான் வரும்போதும் அப்படியே இருக்க வேண்டும். கீழே எத்தனை காற்றுக்கதவுகள் இருக்கின்றனவோ அத்தனையும் அன்றாடம் இருக்கும் நிலையில் இருக்கட்டும். எனக்காக ஒரு திரையைக்கூடப் புதிதாக இழுத்துக் கட்டாதே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ வீடு ஒழிக்கும் அழகு எனக்குத் தெரியும். விருந்தாளி வருகிறார் என்றால் முன்னறையில் கிடக்கும் அத்தனையையும் வாரி என் அறைக்குள் எறிந்து கதவைச் சாத்துவாய். “பையன் எவ்வளவு சுத்தம்!” என்று அப்பா பூரித்துப் போவார். அவர்கள் போன பிறகு அந்தக் கதவைத் திறப்பவள் நான். திறந்தவுடன் எல்லாம் என் தலைமேல்தான் சரியும்.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே இன்னும் உன் புகழ்தான் பேச்சு.

கீழே ஆட்களை வேலை வாங்குகிற ஓவர்மேன் உன்னோடு வந்தாரே, அவருக்கு முட்டிவலி. ஒரு சுரங்கப்பாதையில் நின்று காற்றை அளக்கும் அந்தக் காற்றாடியைக் கம்பில் மாட்டி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாயாம். ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை. அவர் பேச வாயைத் திறந்தால், “நீங்க மூச்சு விடறதும் இதுல விழும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாயாம். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் என்னிடம் வந்து, “சார், நான் மூச்சு விடலாமா?” என்று கேட்டார். ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு.

டீ கொடுத்ததற்கு வேண்டாம் என்றாய். பிஸ்கட் வேண்டாம் என்றாய். அதில் விஷம் இருக்கும் என்று நினைத்தாயா, இல்லை, குடித்தால் கடமை தவறிவிடும் என்று பயமா? என் பெண்டாட்டி இரண்டு வேளை சமைத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். விடுதியில் போய் அந்த வறண்ட ரொட்டியைத் தின்றாய். தின்னு.

போகட்டும். விஷயம் என்ன என்றால், எல்லாம் நன்றாக இருக்கிறது. உன் காற்றாடியே சொல்லிவிட்டது. தெற்குப் பகுதியில் போன வருடத்தைவிட இரண்டு மடங்கு காற்று. கம்பியில் மீத்தேன் மீட்டரைக் கட்டிக் கூரையில் இருக்கிற ஒவ்வொரு பொந்திலும் விட்டுப் பார்த்தாய். ஒன்றும் இல்லை. மீத்தேன் இல்லை என்று உன் முகம் எவ்வளவு வாடியது என்று ஓவர்மேன் அபிநயம் பிடித்தே காட்டினார்.

ஆகவே சான்றை அனுப்பு. மேலிடத்துக்கு “வந்துகொண்டே இருக்கிறது” என்று சொல்லியாகிவிட்டது.

தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

சான்று வரவில்லை. வராது. காரணத்தை உனக்குப் புரியும்படி எழுத முயல்கிறேன்.

சுரங்கத்தில் காற்று விளைவதில்லை. மேலே இருக்கும் ஒரே விசிறி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான். அதைத்தான் எல்லாப் பகுதிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான் கீழே இறங்குவதற்கு முன் விசிறி வீட்டில் அளந்துவிட்டேன். பழுது பார்த்ததில் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறது, கொஞ்சம்தான். ஆனால் தெற்கில் நீ காட்டிய காற்று இரண்டு மடங்கு. மிச்சம் எங்கிருந்து வந்தது? உன் மாமனார் வீட்டிலிருந்து சீராக அனுப்பினார்களா?

திரும்பும் வழியில், தெற்கும் கிழக்கும் பிரியும் இடத்தில் கொஞ்சம் பின்தங்கினேன். உன் ஓவர்மேன் என் கையைப் பிடித்து இழுக்காத குறை. “அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல மேடம், பழைய ஏரியா, காலே வைக்க முடியாது” என்றார். காலே வைக்க முடியாத இடத்துக்கு எண்ணெய் போட்ட கீலோடு ஒரு கதவு. கதவின் நடுவே காற்றை விடுவதற்கான தள்ளுபலகை ஒன்று உண்டல்லவா? அது முழுக்கச் சாத்தியிருந்தது. சுற்றி இடுக்குகளில் களிமண் அப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம். அப்பியவரின் கட்டைவிரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. “இது எப்பவும் இப்படித்தான் மேடம்” என்றார். எப்போதும் இப்படி இருக்கும் களிமண் எப்போதும் ஈரமாகவும் இருக்குமா என்று கேட்டேன். அதன் பிறகு அவர் மூச்சு விடவில்லை. நான் தடுத்ததால் அல்ல.

மேலே விளக்கறையில், கிழக்கில் தண்ணீர் இறைக்கும் உன் பம்புக்காரர்கள் இருவரையும் பார்த்தேன். ஒருவர் பெயர் தவளை என்றார்கள், எப்போதும் தண்ணீரில் நிற்பதால். மற்றவரை எல்லோரும் வானொலி என்கிறார்கள். காரணத்தை ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். தவளை குழாயடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார். வானொலி விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மேடம், திரும்ப வருவீங்களா?”

“ஏன் கேக்கறீங்க?”

“வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லி அனுப்புங்க. அன்னிக்கு லீவு போட்டுக்கறேன். நீங்க வரப் போறீங்கன்னு நேத்து ஒத்திகை பாத்தாங்க, தலை வெடிச்சுது. இன்னிக்கு நிஜமாவே வந்துட்டீங்க, இவன் வாந்தியே எடுத்துட்டான். எங்க உடம்புக்கு உங்களைக் கண்டா ஆகலைபோல.”

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். உன் விருந்தில் சிரித்தார்களே, அதே சிரிப்பு.

கிழக்கில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய காற்றைப் பிடுங்கித் தெற்கில் எனக்குக் காட்டியிருக்கிறாய். இதற்கு ஒத்திகை வேறு. விருந்தாளி வருகிறாள் என்று வீட்டை ஒழித்தாய். உன் பழக்கம் மாறவில்லை, அறை மட்டும்தான் மாறியிருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 12

பிரிவுத் தலைவருக்கு,

பக்கத்துக்குப் பக்கம் பாடம் நடத்தியிருக்கிறாய். நானும் அதே கல்லூரியில்தான் படித்தேன். உன்னைவிட நாலு மதிப்பெண் குறைவு, அவ்வளவுதானே. ஆனால் படித்து முடித்ததும் நான் கீழே இறங்கினேன். நீ ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். இருபது வருடம் கரி தின்றவனுக்கு, மாதம் ஒரு நாள் தொப்பி போட்டு இறங்குகிறவள் புத்தி சொல்கிறாள்.

கிழக்கில் காற்றைக் கொஞ்சம் குறைத்தோம். ஆமாம். அதற்கு என்ன இப்போது? தெற்கில் புதிதாக வேலை தொடங்கும்போது எப்படியும் காற்றைச் சரிசெய்யத்தான் போகிறோம். ஒரு நாள் முன்னே பின்னே. அந்த இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் வீட்டில் பெண்டாட்டியோடு சண்டையாக இருக்கும். வானொலி சொல்வதையெல்லாம் நம்ப ஆரம்பித்தால் நாளைக்கு என்னைப் பற்றியும் நிறைய செய்தி கிடைக்கும் உனக்கு.

அவர்களை வெளியே எடுக்கவும் முடியாது. பழைய குழிகளில் ஊறுகிற தண்ணீர் முழுக்கக் கிழக்கில்தான் சேர்கிறது. அந்தப் பம்பு ஒரு வாரம் நின்றால் தெற்குக் கீழ்ப்பகுதி குளமாகிவிடும். இதெல்லாம் உன் புத்தகத்தில் இருக்காது.

உன் இயக்குநரிடம் பேசிவிட்டேன். “அவங்களுக்கும் எனக்கும் வீட்டுல ஒரு மனஸ்தாபம் சார், அதை ஆய்வுல காட்டறாங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உன் உதவியாளரை அனுப்புகிறார். 22ஆம் தேதி மறு ஆய்வு. நல்ல மனிதராம், டீ குடிப்பாராம்.

உங்கள் ஆய்வகத்தில் அளந்தவர் கையெழுத்துக்குக் கீழே பிரிவுத் தலைவர் கையெழுத்தும் வேண்டும் என்று தெரியும். அளந்தவரே சரி என்று சொன்ன பிறகு நீ எப்படி மாட்டேன் என்பாய் என்று பார்க்கத்தான் ஆவலாக இருக்கிறேன்.

காற்றை அளக்கிறவள் காற்றை மட்டும் அள. சுரங்கத்தை நடத்த எனக்குத் தெரியும்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

இயக்குநர் சொன்னார். அவரிடம் மறுத்துப் பேசினேன். மனஸ்தாபம் என்பதற்கு நானே சாட்சி சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

மறு ஆய்வு நடக்கும். நீ மறுபடியும் கிழக்குக் கதவைச் சாத்துவாய். சாத்தாதே என்று எழுதுவது வீண். உனக்கு யோசனை சொல்வதில் என் ஆயுளில் பாதி போய்விட்டது. இந்த ஒன்றை மட்டும் கேள். சாத்துவதில் ஆபத்து பாதி. திறப்பதில்தான் மீதி.

போன முறை ஆய்வு முடிந்ததும் என்ன செய்தீர்கள்? நான் லிப்டில் ஏறிய கையோடு ஓவர்மேன் ஓடிப்போய் தள்ளுபலகையை ஒரே இழுப்பில் திறந்திருப்பார். சரிதானே? காற்று ஓடாத அந்த நேரம் முழுவதும் கிழக்கின் கரிச்சுவர்களிலிருந்து மீத்தேன் கசிந்து கூரையடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று திறந்தால் உள்ளே பாயும் காற்று அதை மொத்தமாகப் பெயர்த்துத் தள்ளும். கட்டியாக நகரும் அந்த வாயு பம்பு இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். பம்பின் சுவிட்சு பழையது, பொறி தெறிக்கும், வானொலி அதையும் சொன்னார். நூறு பங்கு காற்றில் ஐந்து பங்கு மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும். இது முதல் வருடப் பாடம். நாலு மதிப்பெண் குறைவாக வாங்கியவர்களும் எழுதியிருப்பார்கள்.

போன முறை நடக்கவில்லை. அது அதிர்ஷ்டம். அதை உன் திறமைக் கணக்கில் எழுதி வைத்திருப்பாய்.

ஆகவே, சாத்துவதற்கு முன் தவளையையும் வானொலியையும் மேலே அனுப்பு. கிழக்குக்குப் போகும் மின்சாரத்தை வெட்டு. ஆய்வு முடிந்த பிறகு தள்ளுபலகையை ஒரு விரலளவு மட்டும் திற. கிழக்கிலிருந்து காற்று திரும்பி வரும் வழியில் ஓர் ஆள் மீட்டரோடு நிற்கட்டும். மீட்டர் கத்தினால் நிறுத்து. அடங்கினால் இன்னொரு விரலளவு திற. ஒரு ஷிப்டு முழுக்க ஆகலாம். ஆகட்டும். மீட்டர் முழுவதும் அமைதியான பிறகுதான் மின்சாரம், அதன் பிறகுதான் ஆட்கள்.

இதை உனக்காக எழுதவில்லை.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று மனதாரவே எழுதுகிறேன். ஜெயித்தவனுக்குக் கோபம் வராது.

22ஆம் தேதி உன் உதவியாளர் வந்தார், அளந்தார், நன்றாக இருக்கிறது என்றார். மாலையில் வீட்டில் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் ஆய்வகத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று என் பெண்டாட்டிக்கு ஆச்சரியம்.

உன் கடைசிக் கடிதம் நான் வீட்டில் இல்லாத நேரம் வந்தது. அவள் பிரித்துப் படித்துவிட்டாள். படித்தவள் தட்டை என் முன்னால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். “என்ன?” என்றால், “உங்க அக்கா சொன்னபடி செய்யப் போறீங்களா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போகட்டுமா?” என்கிறாள். வீட்டில் நிம்மதி வேண்டுமே என்று உன் வேடிக்கையெல்லாம் செய்தேன். தவளையும் வானொலியும் மேலே மரத்தடியில் சீட்டாடினார்கள். மின்சாரத்தை வெட்டினோம். கதவைத் திறக்கும் நேரம் வந்ததும் ஓவர்மேன், “சார், என்னால ஆகாது, வேற ஆளைப் பாருங்க” என்று நழுவிவிட்டார். தொடைநடுங்கி. அப்புறம் நானே இறங்கி, பலகையைப் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகத் திறந்தேன். மேலாளர் செய்கிற வேலையா இது?

ஒன்றும் நடக்கவில்லை. கேட்டாயா? ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஓட்டை மீட்டர்தான் ஓயாமல் கத்தியது. ஒரு விரல் திறந்தால் கத்தும், நிறுத்தினால் சிணுங்கும், இன்னொரு விரல் திறந்தால் மறுபடியும் கத்தும். காது கிழிந்துவிட்டது. அதைப் பிடித்து நின்றவன் முகம் வெளுத்துப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒரு ஷிப்டு வேலை பாழ். கடைசியில் அதுவே கத்தி ஓய்ந்தது. எல்லாம் பழையபடி இருந்தது. உன் பயமெல்லாம் புத்தகப் பயம் என்று இப்போதாவது ஒத்துக்கொள்.

சான்று உன் மேசையில் கிடக்கிறதாம். கையெழுத்தைப் போடு. ஏப்ரல் நெருங்குகிறது.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மீட்டர் கத்தியதையும் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் ஒரே மூச்சில் எழுத உன்னால்தான் முடியும். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய், சட்டை நனையவில்லை, அதனால் மழையே இல்லை என்று வாதாடுகிறவனிடம் என்ன பேசுவது? அந்த மீட்டர் ஓட்டை அல்ல. எங்கள் ஆய்வகத்தில் சரிபார்த்து அனுப்பியது. அன்று உன் சுரங்கத்தில் உன்னிடம் உண்மை பேசியது அது ஒன்றுதான். ஓவர்மேனை இரண்டாவதாக வைக்கலாம்.

நீ பலகையைப் பிடித்து நின்றபோது அந்த மீட்டரைக் கடந்து என்ன ஓடியது என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இனிச் சான்று. என் உதவியாளரைக் கூப்பிட்டேன்.

“கிழக்குக் கதவு எப்படி இருந்தது?”

“மூடியிருந்தது மேடம். நல்லா மண்ணு பூசி அடைச்சிருந்தாங்க.”

“உள்ள யாராவது இருந்தாங்களா?”

“இல்ல மேடம். எல்லாரையும் மேல அனுப்பிட்டோம், கரண்டும் கட் பண்ணிட்டோம்னாங்க.”

“இதை ஏன் அறிக்கையில எழுதலை?”

“நம்ம அளந்தது தெற்குதானே மேடம்?”

அவர்மேல் கோபம் வரவில்லை. உன் வீட்டுச் சாப்பாடு அப்படி இருந்திருக்கும்.

அவர் எடுத்த அளவுகளில் பிழை இல்லை. தெற்கில் காற்று போதுமான அளவு இருந்தது, மீத்தேன் இல்லை. உண்மைதான். உண்மைக்குக் கையெழுத்துப் போட மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆகவே போட்டுவிட்டேன். சான்று நேற்றே தபாலில் போய்விட்டது. உனக்கு ஒன்று, உன் மேலிடத்துக்கு ஒன்று, சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒன்று. நீ கேட்டது கிடைத்துவிட்டது.

எந்த நிலைமையில் அளந்தோம் என்று சான்றில் குறிப்பிடுவது எங்கள் வழக்கம். அவர் விட்டதை நான் சேர்த்தேன். கையெழுத்துக்கு மேலே இரண்டு வரிதான்: ‘கிழக்குக் கதவு முழுவதும் மூடி அடைக்கப்பட்டு, அப்பகுதியில் ஆட்களும் மின்சாரமும் இல்லாத நிலையில் எடுத்த அளவுகள் இவை. தெற்குப் பகுதியில் வேலை நடக்கும் காலம் முழுவதும் இதே நிலை தொடர்ந்தால் மட்டுமே இச்சான்று செல்லும்.’

நீ எனக்கும் அவருக்கும் காட்டிய சுரங்கம் இதுதான். இதையே நடத்து. கிழக்கில் காற்று வேண்டாம், ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பம்பும் ஓடாது. பம்பு ஒரு வாரம் நின்றால் தெற்குக் கீழ்ப்பகுதி குளமாகிவிடும் என்று எனக்கு எழுதியவன் நீதான். அது என் புத்தகத்தில் இல்லைதான். சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி.

அக்கா


மார்ச் 20

அக்கா,

ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய்.

மேலிடத்தில் கூப்பிட்டார்கள். உன் இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார்கள். பாதுகாப்பு அலுவலகத்து ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “அப்ப பம்பை யாரு ஓட்டுவா, மீனுங்களா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

தெற்கைத் திறப்பதை ஏப்ரலிலிருந்து தள்ளி வைத்தாகிவிட்டது. என் நாற்காலி என்ன ஆகும் என்று இன்னும் சொல்லவில்லை. புது விசிறி கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு பெரியது வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். கிழக்கு, தெற்கு இரண்டும் சேர்த்து. நானே போட்டுவிடுவேன். ஆனால் உங்கள் ஆய்வகம் போட்டதுதான் வேண்டும் என்கிறார்கள்.

நீ விட்டுவிட்டுப் போன வேலை ஒன்று இங்கே நடக்கிறது. ஓவர்மேன் தினமும் கிழக்குக் கதவைப் போய்ப் பார்த்துவிட்டு, என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “திறந்திருக்கு சார்” என்கிறார். நான் கேட்கவே இல்லை. இவருக்கு யார் இந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த மீட்டர் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குக்கர் விசில் அடித்தால்கூடத் தூக்கிப் போடுகிறது. உன் தம்பி பெண்டாட்டி சிரிக்கிறாள். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

எந்த அளவு விசிறி வேண்டும் என்று எழுது. எந்தத் தேதியில் வருகிறாய் என்றும் எழுது. கீழே எல்லாவற்றையும் தயாராக வைக்கிறேன்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

விசிறியின் அளவை இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. கிழக்கும் தெற்கும் திறந்திருக்கும் நாளில், பம்பு ஓடும்போது, தவளையும் வானொலியும் உள்ளே இருக்கும்போது அளக்க வேண்டும். வருகிறேன்.

தேதி சொல்லமாட்டேன். எதையும் தயாராக வைக்காதே.

உன் மனைவியிடம் மட்டும் மாடி அறைச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்.

அக்கா